காதில் குரல் இல்லாத சுற்றுகள்

இந்த வருடம் புதிதாகப் பிக்கப் ட்ரக் பந்தயம் ஓட்ட வந்திருக்கும் நீங்கள் என்னைக் கண்டால் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். டயருக்குள் எவ்வளவு காற்று, வளைவில் எந்த இடத்தில் பிரேக்கை விடுவது, பின் அச்சை எப்படி வைப்பது. அதற்கெல்லாம் கராஜில் ஆட்கள் இருக்கிறார்கள், இப்போது கம்பியூட்டரும் இருக்கிறது. என் காலத்துக் கணக்கைக் கேட்டு உங்கள் ட்ரக்கில் போட்டால் முதல் வளைவிலேயே சுவரில் போய் அப்புவீர்கள். பிறகு அண்ணைதான் சொன்னவர் என்று என் பெயரையும் கெடுப்பீர்கள்.

எனக்குத் தெரிந்தது வேறு. யோசிக்க நேரம் இல்லாத இடத்தில் மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு மறந்தாலும் கோபிக்க மாட்டேன்.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவன் அல்ல. கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் இழுவை வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை நெடுஞ்சாலையில் ட்ரெயிலரின் அச்சு முறிந்து நின்ற ஒரு பந்தய ட்ரக்கை, அது போக வேண்டிய ஓவலுக்கு இழுத்துக்கொண்டு போனேன். நகரத்துக்கு வடக்கே, சோளக் காணிகளுக்கு நடுவில் இருந்த ஒரு சின்ன நீள்வட்டப் பாதை. இறக்கிவிட்டு உடனே திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை. அன்றைக்கு வந்த அழைப்புகளை எல்லாம் வேறு ஆளுக்குத் தள்ளிவிட்டு, கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை நின்றேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கலா கேட்டாள்: “இண்டைக்கு எத்தினை பேருக்குக் கார் பழுதாப்போச்சு?” ஒருத்தருக்கு என்று சொன்னேன். அவளுக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

ஓவலில் இடதுபக்கம் மட்டும்தான் திரும்புவது. நாங்கள் குடியிருந்த மல்வேர்னில் எங்களுடைய ஆட்கள் ஒருவர் விடாமல் இதைச் சொல்லி என்னைப் பகிடி பண்ணினார்கள். “வலதுபக்கம் திரும்பத் தெரியாதவைக்கெண்டு ஒரு விளையாட்டோ?” என்று கேட்ட ஒருவரை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய் வேலிக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். இருபது ட்ரக்குகள் ஒன்றின் வாலை ஒன்று முட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் ஒரு தரம் போயின. அதற்குப் பிறகு அவர் பகிடி விடவில்லை. திரும்பவும் வரவும் இல்லை.

நானும் பந்தயத்தில் இறங்கிய முதல் வருடம் கடைசியில் ஓடுவதற்கென்றே பிறந்தவன் மாதிரி ஓடினேன். ஒரே ஒரு நாள் எப்படியோ முன்னுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு ஒரு சிவப்பு ட்ரக் பின்னால் வந்து இடித்து என்னைச் சுழற்றி விட்டது. அந்த ஓட்டுநரின் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ட்ரக்கின் இலக்கத்தைச் சொல்லித்தான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டார்கள். மஞ்சள் கொடி விழுந்தது. மஞ்சள் என்றால் எல்லோரும் மெதுவாக வரிசையில் போக வேண்டும், யாரும் யாரையும் முந்தக் கூடாது. நான் தானாகச் சுழன்றேனா, யாராவது தட்டினார்களா என்று மேலே இருந்த நடுவர்களுக்குப் புழுதிக்குள் தெரியவில்லை. அப்போது அந்தச் சிவப்பு ட்ரக்குக்காரர் யன்னலால் கையை விட்டுத் தன் கூரையில் தட்டினார்.

உங்களில் சிலருக்கு இந்த வழக்கம் தெரியாமல் இருக்கலாம், ஆனபடியால் சொல்கிறேன். எங்கள் பாதையில் கூரையில் தட்டினால் ‘பிழை என்னுடையது’ என்று பொருள். தட்டியவர் வரிசையின் கடைசிக்குப் போவார். சுழன்றவருக்கு அவருடைய இடம் திரும்பக் கிடைக்கும். பந்தயம் முடிந்த பிறகு அவரிடம் போய், ஒருவரும் காணவில்லையே, ஏன் தட்டினீர்கள் என்று கேட்டேன். நல்ல மனம், நேர்மை என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நட்டுக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “தட்டாவிட்டால் மிச்சச் சுற்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டு ஓட வேண்டும். எனக்கு அது சரிவராது.” பிழையை உடனே இறக்கி வைத்துவிட்டு அடுத்த வளைவைப் பார்ப்பது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு யாரும் இதைவிடப் பயனுள்ள ஒன்றைச் சொல்லித் தரவில்லை.

இனி ஸ்பொட்டர் பற்றி. இதைத்தான் நான் உண்மையில் சொல்ல வந்தேன்.

ஹெல்மெட்டும் கழுத்துப் பட்டியும் போட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் தடுப்பு வைத்த கதிரையில் இறுக்கிக் கட்டினால், உங்களுக்கு முன்னால் இருப்பது மட்டும்தான் தெரியும். பக்கத்தில் வருகிறவன் தெரியமாட்டான். பார்வையாளர் இருக்கைகளுக்கு மேலே, பலகை போட்ட மேடையில் நின்று பார்த்து, ரேடியோவில் உங்கள் காதுக்குள் சொல்கிற ஆள்தான் ஸ்பொட்டர். உள்ளே ஆள் நிற்கிறது, வெளியே ஆள் நிற்கிறது, இப்போது கிளியர், இறங்கலாம். அந்தக் குரலை நம்பித்தான் நீங்கள் கையைத் திருப்புவீர்கள். கண்ணை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு ஓடுகிற தொழில் இது.

என்னுடைய ஸ்பொட்டர் சுதன். கலாவின் தம்பி. அளந்து கதைக்கிற ஆள். மற்ற ஸ்பொட்டர்கள் சந்தைக் கடைக்காரர் மாதிரி ஓயாமல் கத்திக்கொண்டிருப்பார்கள்: உள்ளே, உள்ளே, இன்னும் உள்ளே, கிளியர், கிளியர். சுதனுக்கு அது வீண் வேலையாகப் பட்டது. “ஆள் நிண்டால் சொல்லுறன் அத்தான். ஆள் இல்லாட்டி நான் ஏன் கதைக்கோணும்?” என்று கேட்டான். எனக்கும் அது பிடித்திருந்தது. எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் காது கொஞ்சம் சும்மா இருக்கிறதே என்று நினைத்தேன். ஆக எங்கள் ட்ரக்கில் மட்டும் ஒரு தனி வழக்கம் உண்டானது. சுதன் பேசாமல் இருந்தால் வழி கிளியர். மூன்று வருடம் அப்படி ஓடினோம், ஒரு கீறலும் விழவில்லை. பிழையான வழக்கம் ஒன்று பிழை என்று காட்டுவதற்குச் சில வேளை வருடக்கணக்காகும்.

இலங்கையில் போர் முடிந்த அந்த வைகாசிக்கு வருகிறேன். உங்களில் பாதிப் பேர் அப்போது பாலர் வகுப்பில் இருந்திருப்பீர்கள். அந்த வருடப் பந்தயங்கள் தொடங்கிய அதே கிழமையில்தான் ஊரில் எல்லாம் முடிந்துகொண்டிருந்தது.

கலாவுக்கும் சுதனுக்கும் மூத்தவர் ராணி அக்கா. தாய் வேளைக்கே காலமாகிவிட்டதால் இவர்கள் இரண்டு பேரையும் வளர்த்தவர் அவர்தான். கலியாணம் கட்டவில்லை. வன்னியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். சனங்கள் எல்லோரும் கடற்கரைப் பக்கம் ஒதுக்கப்பட்டபோது அவரும் அங்கேதான் இருந்தார். மாசி மாதம் ஒரு தரம் கதைத்தார். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. உயிரோடு இருக்கிறாரா என்று எங்களுக்குத் தெரியாது. வீட்டில் அதை ஒருவரும் அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. அழைப்பு வரவில்லை என்றால் கெட்ட செய்தியும் வரவில்லை என்று கலா சொல்லத் தொடங்கினாள். நாங்களும் தலையாட்டினோம். பேசாமல் இருப்பது நல்லதுக்கு என்று எடுக்கிற அந்தப் பழக்கம் ட்ரக்கில் மட்டுமல்ல, வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது என்பது அப்போது எனக்குப் படவில்லை.

சுதன் வேலை முடிந்த கையோடு பஸ்ஸும் ட்ரெயினும் பிடித்து நகரத்துக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லிச் சனங்களோடு சனமாகப் பதாகை பிடித்துக்கொண்டு நிற்பான். வீட்டுக்கு வந்தால் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பான். தாடி வளர்ந்துவிட்டது. சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்தபடியே இருப்பான், சோறு காய்ந்துபோகும். நான் அந்த வருடம் முதல் பந்தயத்துக்குப் போவதில்லை என்று இருந்தேன். தமிழ்க் கடையில் மரக்கறி எடுத்துக்கொண்டிருந்தபோது தெரிந்த ஒருவர் வேறு கேட்டுவிட்டார்: “ஊர் எரியேக்கை உமக்கு ரேஸ் கேக்குதோ?” அவர் கேட்டதில் பிழை இருந்ததாக எனக்கு இன்றைக்கும் படவில்லை.

போகச் சொன்னது கலா.

“சுதனைக் கூட்டிக்கொண்டு போங்கோ. உவன் இப்பிடியே இருந்தால் ஒண்டில் உந்த டிவியை உடைப்பான், இல்லாட்டி டிவி உவனை உடைச்சுப்போடும்.”

“நீயும் வாவன்.”

“நான் எங்க வாறது? அக்காவுக்கு இந்த வீட்டு நம்பர் மட்டும்தான் பாடம். ஆராவது வீட்டில நிக்கோணும். எடுத்தாவெண்டால் உடனே சுதனுக்குப் போன் அடிக்கிறன்.”

ஓவலுக்குப் போகிற வழியில் நான் சுதனிடம் கேட்டேன், இன்றைக்கு வேறு ஆளை ஸ்பொட்டராக விடவா என்று. கேட்டால் உதவி செய்ய அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

“வேண்டாம் அத்தான். நான் ஏறுறன். கண்ணுக்கு வேலை இருந்தால் மனம் அங்க இஞ்ச போகாது.”

சரி என்றேன். நீங்கள் நாளைக்கு ஒரு குழுவை நடத்தும்போது இப்படி ஒருவர் உங்களிடம் சொல்வார். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார். அவருக்கு அந்த வேலை மருந்தாக இருக்கலாம்; அதற்காக இருபது ட்ரக்குகளுக்கு நடுவில் நீங்கள் அவருடைய கண்ணை நம்பி ஓட முடியாது. அவரை டயர் உருட்ட விடுங்கள், பெற்றோல் ஊற்ற விடுங்கள். மேடைக்கு ஏற்றாதீர்கள். எனக்கு இது தெரியும். ஆனால் அவன் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மேடையில் சுதனுக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்பவர் லின். என்னோடு ஓடும் கென்னின் மனைவி, கென்னுக்கு ஸ்பொட்டர். சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே வேலை செய்வார். சுதனுக்கும் ஒரு பிடி கொடுப்பார். இருவரும் அதற்கு மேல் பழகியதில்லை. மேடையில் கைத்தொலைபேசி வைத்திருக்கக் கூடாது என்பது விதி. சுதனின் சட்டைப் பையில் அது இருந்ததை லின் கண்டிருக்கிறார். கண்டும் சொல்லவில்லை. எங்கள் நாட்டில் என்ன நடக்கிறது என்று அந்த வாரம் கனடாவில் தெரியாத ஆள் இல்லை.

பின்னேரம், நல்ல வெயில். எங்கள் ட்ரக்குகளின் பெரிய ஓட்டம். நான் நடுவில் தொடங்கி ஒவ்வொருவராகப் பிடித்து முன்னுக்கு வந்தேன். சுதன் அன்றைக்கு மிக நன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தான். “வெளியில நிக்கிறான். இன்னும் நிக்கிறான்.” பிறகு மௌனம், நான் நகர்வேன். பாதிக்கு மேல் ஓடியபோது எனக்கு முன்னால் கென் மட்டும்தான் இருந்தார். வெளிப்பக்கத்தால் அவரைப் பிடித்தேன். இரண்டாவது வளைவுக்குள் இரண்டு பேரும் பக்கத்துக்குப் பக்கம் போனோம். “உள்ள நிக்கிறான்,” என்றான் சுதன்.

வளைவு முடிந்து நேர்ப்பாதைக்கு வந்தோம். எனக்கு வேகம் கூட இருந்தது. காதுக்குள் ஒன்றும் இல்லை. மௌனம் என்றால் கிளியர். நான் கீழே இறங்கினேன்.

கென் அங்கேயே இருந்தார். அவருடைய முன்மூக்கு என் பின்சில்லுக்குப் பக்கத்தில் பட்டதும் என் ட்ரக் சுழன்றது. வானம், புல்லு, சுவர், திரும்பவும் புல்லு. பின்பக்கமாகப் போய் நடுப் புல்வெளியில் நின்றேன். எஞ்சின் நிற்கவில்லை. எனக்கும் ஒன்றுமில்லை. மஞ்சள் கொடி விழுந்து எல்லோரும் மெதுவானார்கள்.

“சுதன்,” என்றேன். பதில் இல்லை. “சுதன், என்னடா?”

ஒரு பெண் குரல் ஆங்கிலத்தில் வந்தது. “நான் லின். உங்கள் ஆளின் ரேடியோவை நான் எடுத்திருக்கிறேன். அவருக்கு மயக்கம் ஒன்றும் இல்லை. பலகையில் குப்புறப் படுத்திருக்கிறார். போனில் கதைத்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால், எங்களையும் படுக்கச் சொல்லிக் கை காட்டுகிறார்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போன் என்றால் கலா. கலா என்றால் செய்தி வந்துவிட்டது. ஆள் குப்புற விழுந்து கிடக்கிறான் என்றால் அது எப்படிப்பட்ட செய்தி என்று நான் நினைத்தேனோ, அதைத்தான் நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

அதே நேரம் நடுவர்கள் கென்னைக் கடைசிக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். மேலே இருந்து பார்த்தவர்களுக்கு அவர் என்னைப் பின்னால் இடித்த மாதிரித்தான் தெரிந்திருக்கிறது. லின்னுக்கு உண்மை தெரியும், அவர் முழுவதையும் பார்த்தவர். என் காதுக்குள்தான் இருந்தார். ஆனால் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. பதிலுக்கு என்ன சொன்னார் தெரியுமா? “நீங்கள் தொடர்ந்து ஓடுவதென்றால் உங்களுக்கும் சேர்த்து நான் பார்த்துச் சொல்கிறேன்.”

நான் யன்னலால் கையை விட்டு என் கூரையில் தட்டினேன். கென்னுக்கு அவருடைய இடம் திரும்பக் கிடைத்தது. பிறகு ட்ரக்கைத் திருப்பி நேரே எங்கள் ஆட்கள் நிற்கும் பிட் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, பெல்ட்டைக் கழற்றினேன். என்னுடைய ஆட்கள் சில்லைப் பார்த்தார்கள், அடியில் குனிந்து பார்த்தார்கள். “ட்ரக்குக்கு ஒன்றுமில்லையே, ஏன் இறங்குகிறாய்?” என்று கேட்டார்கள். ட்ரக்குக்கு ஒன்றுமில்லை என்று நானும் சொன்னேன்.

உங்களுக்கான பாடம் இந்த இடத்தோடு முடிந்துவிட்டது. ஸ்பொட்டர் ஒவ்வொரு வளைவிலும் வாய் திறக்க வேண்டும்; ஆள் இல்லை என்பதையும் அவர் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும். காதில் ஒன்றும் கேட்காவிட்டால் பக்கத்தில் ஆள் நிற்கிறது என்று எடுத்து ஓடுங்கள். கண் இல்லாத ட்ரக்கை, அது எவ்வளவு நன்றாக ஓடினாலும், நிறுத்துங்கள். நிறுத்துவதும் ஓட்டுநரின் வேலைதான். அடுத்த பந்தயத்திலிருந்து நான் ஓடியவரை எங்கள் ட்ரக்கில் இது மாறவே இல்லை.

மேலே ஏறிப்போன பிறகு நடந்ததில் ஓட்டுநருக்குப் பாடம் எதுவும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மேடைக்கு ஏறும் படிகளில் நின்ற ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். சுதன் பலகையில் குப்புறப் படுத்திருந்தான். ஒரு கை தலைக்கு மேல். மற்றக் கையால் போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தான். “ஓம் அக்கா. படுத்திட்டன். தலை தூக்கேல்லை. ஓம். ஓம்,” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அக்கா என்ற சொல்லைக் கேட்டதும் நான் பக்கத்தில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சுதன் தலையைத் தூக்காமலே கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தான்.

“ராணி அக்கா, அத்தான். வவுனியா ஆசுப்பத்திரியில. காலில காயமாம். ஆரோ போன் குடுத்திருக்கினம்.”

நடந்தது இதுதான். அங்கே அப்போது நடுச்சாமம். நோயாளிகள் நித்திரையாக இருந்த வார்டில் இருந்து, யாரோ இரக்கப்பட்டுக் கொடுத்த போனில், அக்கா கிசுகிசுத்த குரலில் எங்கள் வீட்டுக்கு எடுத்திருக்கிறார். சுதன் எங்கே என்று அக்கா கேட்க, கலா தன் கைத்தொலைபேசியில் சுதனை அழைத்து, வீட்டுத் தொலைபேசியின் வாயையும் அதன் காதையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சுதன் “அக்கா, நான் சுதன்” என்று சொன்ன அதே நேரம்தான் கென்னும் நானும் பக்கத்துக்குப் பக்கமாக வளைவை விட்டு வந்தோம். எங்களுக்குப் பின்னால் மிச்ச எல்லா ட்ரக்குகளும் மேடையைத் தாண்டி இரைந்துகொண்டு போயின.

அந்தச் சத்தம் அக்காவுக்குக் கேட்டது. பல மாதமாக அவருக்கு அப்படிப்பட்ட சத்தத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் இருந்தது, ஷெல். தான் எங்கே இருக்கிறார், தம்பி எங்கே இருக்கிறான் என்பதெல்லாம் அந்த நொடியில் அவருக்கு இல்லை. கிசுகிசுத்துக்கொண்டிருந்தவர் வார்டே எழும்பக் கத்தியிருக்கிறார். “கிட்ட வந்திட்டுது! படு! குப்புறப் படடா சுதன்!”

சுதன் படுத்துவிட்டான். பிறகு ஒரு நாள் அவனிடம் கேட்டேன். “நான் யோசிக்கேல்லை அத்தான். சின்னனில இருந்து அக்கா படு எண்டால் படுக்கிறதுதான்,” என்றான். படுத்த பிறகு, இது ரேஸ், கார் ஓடுகிற சத்தம் என்று அவன் அவருக்குப் பல தரம் சொல்லியும் பார்த்திருக்கிறான். அவருக்கு ஏறவில்லை.

நான் மேலே நின்று இதை விளங்கிக்கொள்ள முயன்றுகொண்டிருக்கும்போதே கீழே பச்சைக் கொடி காட்டினார்கள். ஓட்டம் திரும்பத் தொடங்கியது. எல்லா எஞ்சின்களும் ஒன்றாக எழும்பின. போனுக்குள்ளிருந்து அக்காவின் குரல் எனக்கே கேட்டது.

“திரும்பவும் வருது! ஆர் ஆர் அங்க உன்னோட?”

“அத்தான் நிக்கிறார் அக்கா.”

“நிக்கிறாரோ? என்ன விசர் வேலை! அவரைப் படுக்கச் சொல்லு! போனை அவரிட்டைக் குடு!”

சுதன் போனை நீட்டினான். நான் குனிந்து வாங்கினேன். சொல்வதற்கு என்னிடம் விளக்கம் தயாராக இருந்தது. அக்கா, இது கனடா. இது விளையாட்டு. பயப்பட ஒன்றுமில்லை. எல்லாம் உண்மை. ஆனால் அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. ஓடி வந்தவரின் மூச்சு மாதிரி இருந்தது. விளக்கம் சொல்லி விளங்கிக்கொள்ளுகிற இடத்தில் அவர் இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

“தம்பி, படுத்திட்டியளோ?”

“ஓம் அக்கா,” என்றேன். நின்றுகொண்டுதான் சொன்னேன். சொன்ன பிறகு அவருக்குப் பொய் சொன்னது எனக்குப் பொறுக்கவில்லை. முழங்காலை மடக்கி, நெருப்புப் பிடிக்காத அந்தத் தடித்த உடுப்போடு, சூரியகாந்தித் தோல் சிதறிக் கிடந்த பலகையில் சுதனுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தேன்.

“தலையைக் கையால மூடுங்கோ.”

“மூடிட்டன்.”

“வாயைத் திறந்து வைச்சிருங்கோ. இல்லாட்டிக் காது போயிடும்.”

வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். சுதனும் திறந்து வைத்திருந்தான். மேடையில் இருந்தவர்கள் எங்களைச் சுற்றிக் கவனமாகக் கால் வைத்து நின்று தங்கள் தங்கள் ஓட்டுநர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லின் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருடைய ஆள் பாதையில் இருந்தார். அவர் பார்க்க வேண்டியது அங்கேதான். உள்ளே, உள்ளே, கிளியர். உள்ளே, கிளியர். ஒவ்வொரு தரம் ட்ரக்குகள் மேடையைத் தாண்டும்போதும் பலகை என் நெஞ்சுக்குக் கீழே அதிர்ந்தது. இத்தனை வருடம் அந்தச் சத்தத்துக்குள் இருந்து ஓடிய எனக்கு, அது வெளியே கிடப்பவருக்கு எப்படிக் கேட்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குப் பயமாக இருந்தது. ஒன்றும் நடக்காது என்று நன்றாகத் தெரிந்தும் பயமாக இருந்தது.

அக்கா போனை வைக்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும், “கிடவுங்கோ, கிடவுங்கோ, எழும்பாதேங்கோ,” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தன் காயத்தைப் பற்றியோ, எப்படி வெளியே வந்தார் என்பதைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. நடுவில் கலா விக்குவது கேட்டது. அவளும் வீட்டில் தரையில் படுத்திருந்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.

ஓட்டம் முடிந்தது. ட்ரக்குகள் ஒவ்வொன்றாக வேகம் குறைந்து, பிட் பக்கம் திரும்பி, எஞ்சின்களை நிறுத்தின. சனம் கைதட்டியது. பிறகு அதுவும் ஓய்ந்தது. நான் எழும்பப் பார்த்தேன். சுதன் என் முதுகில் கை வைத்து அமுக்கினான். அக்கா இன்னும் சொல்லவில்லை.

அவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நிண்டிட்டுது போல,” என்றார் கடைசியில். குரல் திரும்பவும் கிசுகிசுப்பாக மாறியிருந்தது. “உங்கை ஒருத்தருக்கும் ஒண்டுமில்லையோ? சுதனுக்கு?”

“ஒண்டுமில்லை அக்கா. எல்லாரும் சுகம்.”

“வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ.”

நான் சுதனைப் பார்த்தேன். “பாத்திட்டன் அக்கா. ஒரு காயமும் இல்லை.”

“அப்ப இனி எழும்பலாம்,” என்றார். நாங்கள் இரண்டு பேரும் எழும்பி இருந்தோம். எழும்பிவிட்டோம் என்று நான் அவருக்குச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அவர் அழத் தொடங்கினார்.